சகாயராணி வீட்டுக் காற்று

சகாயராணியை ஏமாற்றுக்காரி என்றுதான் நான் நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல் போனில் திட்டவும் செய்தேன்.

பூமியைச் சூடாக்கும் வாயுக்கள் வில்லியனூர், பாகூர்ப் பக்கம் எதெதிலிருந்து எவ்வளவு கிளம்புகின்றன என்று கணக்கெடுப்பது எங்கள் வேலை. வயல், மாட்டுக்கொட்டகை, குப்பைமேடு என்று ஒவ்வொன்றிலும் சகாயராணி ஒரு பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்ப்பாள். உள்ளே சேரும் காற்றை ஊசியால் உறிஞ்சிக் கண்ணாடிக் குப்பியில் அடைத்துச் சீட்டு ஒட்டுவாள். ஒதியம்பட்டுக்காரி, பத்து வருஷம் நாற்று நட்டவள். சேற்றில் பெட்டியைச் சாயாமல் வைக்க அவளை விட்டால் ஆளில்லை. நான் டவுனில் ஏசி அறையில் உட்கார்ந்து அந்தக் குப்பிகளை மெஷினுக்குக் கொடுத்து எண் பார்க்கிறவன்.

தினமும் முதல் குப்பியில் சுத்தமான காற்று வேண்டும். அதோடு ஒப்பிட்டுத்தான் மற்றதைச் சொல்ல முடியும். ஒன்றுமில்லாத இடமாகப் பார்த்துப் பிடிக்கச் சொல்லியிருந்தேன். அந்தக் குப்பி மழை தொடங்கியதிலிருந்து வயலைவிட அதிகம் காட்டியது.

"சீட்டை மாத்தி ஒட்டிட்டியா?" என்று போனில் கத்தினேன்.

"இல்ல சார். காலைல கதவத் தொறந்ததும் வாசப்படில குந்தி தான் புடிக்கறேன். எங்க வூட்ல இன்னா கீது? மாடு இல்ல, நெலம் இல்ல."

கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று மறுநாள் காலை வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

சிறிய வீடு, கட்டி நாலு வருஷம்கூட ஆகவில்லை. என் பின்னாலேயே வந்த தெருநாய் கேட்டருகே நின்றுவிட்டது. கூப்பிட்டும் வரவில்லை. முற்றத்தில் கறிவேப்பிலைக் கன்று கருகி நின்றது. மூன்றாவது கன்றாம். அதன் காலடியில் தேங்கிய மழைநீர், அடுப்பில்லாமல் உலை கொதிப்பதுபோல, சத்தமில்லாமல் குமிழியிட்டுக்கொண்டே இருந்தது. எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் செருப்பைக் கழற்ற மனம் வரவில்லை.

"யாரோ செஞ்சி வெச்சிட்டாங்கன்னு பேசிக்கிறாங்க சார். சாமியாரு வந்து தீர்த்தம் தெளிச்சாரு. மாதாவுக்கு மெழுவத்தி ஏத்தினா சுடரு நீலமா நிக்கிது" என்றாள் சகாயராணி.

மெழுகுவர்த்தியை அணைக்கச் சொன்னேன். படுக்கையறை மூலையில் தரை விரிசல் விட்டிருந்தது. கையோடு எடுத்துவந்திருந்த வாயு மீட்டரை அருகே கொண்டுபோனேன். எண் நிற்காமல் ஏறியது. குப்பைமேட்டைத் தாண்டியும் ஏறியது.

வீட்டைத் தன் கையால் கட்டிய கொத்தனார், அவள் புருஷன் சூசைநாதன், வாசலில் நின்றிருந்தார்.

"இது குட்டை சார். வருஷக்கணக்கா லாரில டவுன் குப்பையக் கொட்டி ரொப்பினாங்க. மேல செம்மண்ணப் போட்டு மனையாக்கிட்டாங்க. தெரிஞ்சி தான் வாங்கினோம். இத எழுதாதீங்க சார். எழுதினா வூட்ட வுட்டுப் போவச் சொல்வாங்க. எங்க போவோம்?"

சகாயராணி மீட்டரை வாங்கிப் பார்த்தாள்.

"குப்பைமேட்டுல அரை மணிக்கு மேல நிக்காதன்னு நீங்க தான சார் சொன்னீங்க? எம் பொண்ணு பொறந்ததுலேர்ந்து இங்க தான் தூங்கறா."

பெட்டியை விரிசல்மேல் கவிழ்த்து அவளே காற்றெடுத்தாள். சீட்டில் எங்கிருந்து எடுத்தது என்ற இடத்தில், 'என் வீடு, படுக்கையறை' என்று எழுதினாள். பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு அரியூரில் தங்கை வீட்டுக்குப் பஸ் ஏறினாள். சூசைநாதன் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவரை அந்த அறையில் படுக்கவிடாமல் தடுக்க நான் இருட்டும்வரை மன்றாட வேண்டியிருந்தது. கடைசியில் வீட்டைப் பூட்டி எதிர்வீட்டில் போய்ப் படுத்தார்.

ஒரு வாரம் கழித்து நாங்கள் மூவரும் போனோம். அத்தனை நாளும் பூட்டியே கிடந்த வீடு. தேங்கிய வாயு போகட்டும் என்று கதவைத் திறந்துவைத்துவிட்டு வெளியே வெகுநேரம் காத்திருந்தோம். அப்படியும் எண் முதல் நாளைப்போல இரண்டு மடங்கு. மீட்டரை சூசைநாதனிடம் நீட்டினேன். அவர் அதைப் பார்க்கவில்லை. விரிசலருகே மண்டியிட்டு, தரையில் ஒரு சாண் இடத்தை உள்ளங்கையால் மூடினார்.

"பாப்பா தலை இங்க தான் சார் இருக்கும்" என்றார்.