பால் காய்ச்சிய வேன்

கனகலிங்கத்துக்கு ஊருக்கு ஊர் சொந்தக்காரர்கள். தைப்பிங்கில் பெரியப்பா மகன், ஈப்போவில் மைத்துனி, சிரம்பானில் அத்தை வழியில் ஒரு பட்டாளம். யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்து ரயில்வேயிலும் அரசாங்க ஆபீசுகளிலும் பரவிய கூட்டம் அது. சொந்தக்காரர் இருக்கிற ஊரில் போய் ஹோட்டலில் தங்கினால் அவர்கள் முகத்தில் அறைந்த மாதிரி. அப்படித் தங்கிய ஒரு மருமகனோடு இன்னும் பேசாத குடும்பங்கள் உண்டு. அதனால் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து அவர் குடும்பத்தோடு கிளம்பிய பயணம் ஒவ்வொன்றும் இன்னொருவர் வீட்டு அடுப்படியில்தான் முடிந்தது. அவருக்கு அல்ல. அவர் கூடத்தில் கால் நீட்டிப் பேப்பர் படிப்பார். அடுப்படிக்குப் போவது மனைவி சிவமலர். வந்த இடத்தில் பெண் சும்மா உட்கார்ந்திருந்தால் அதற்கும் ஒரு பேச்சு இருந்தது.

சிவமலர் யோசித்துப் பார்த்து ஒன்று கண்டுபிடித்திருந்தாள். கேமரன் மலையில் அவர்களுக்கு ஒரு சொந்தக்காரரும் கிடையாது.

“நீங்க ரிடையர் ஆனதும் கேமரன்ல ஒரு ஹோட்டல். யாராவது கதவத் தட்டி எனக்கு டீ கொண்டாந்து குடுக்கணும். வேற ஒண்ணும் வேணாம்” என்று கேட்டிருந்தாள்.

அவரும் தலையாட்டியிருந்தார். அரசாங்க உத்தியோகத்தில் அவர் பழுதில்லாமல் கற்றுக்கொண்ட வேலை தலையாட்டுவது.

ரிடையர் ஆனவர் வாங்கியது கேம்பர் வேன். மேரு என்ற ஊரில் யாரோ சாமான் ஏற்றி ஓட்டித் தேய்ந்த வேன். உள்ளே பலகை அடித்துப் படுக்கை, கேஸ் அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, மூலையில் கக்கூஸ். வெள்ளைக்காரர்கள் மலை உச்சியில் வேனை நிறுத்திவிட்டுக் காப்பி குடிக்கிற வீடியோக்களை மாசக் கணக்கில் போனில் பார்த்திருந்தார். அந்தக் காப்பியைப் போட்டது யார் என்ற கேள்வி அவருக்கு ஒருநாளும் வரவில்லை.

“ஹோட்டல்காரன் ரூம்ல நாம ஏன் தங்கணும்? இது நம்ம சொந்த ரூம்” என்றார்.

சிவமலர் உள்ளே எட்டிப் பார்த்தாள். முதலில் கண்ணில் பட்டது அடுப்பு. “சமையக்கட்டுக்குச் சக்கரம் வச்சிருக்கீங்க” என்றாள்.

அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

கோயில் வாசலில் பூசை. குருக்கள் தட்டோடு வந்து வேனைச் சுற்றிப் பார்த்தார். “இது வண்டிப் பூசையா, புதுவீட்டுப் பூசையா?”

“ரெண்டும்” என்றார் கனகலிங்கம் பெருமையாக.

சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. பிறகு உள்ளே பால் காய்ச்சினார்கள். பால் கிழக்கே பொங்க வேண்டும் என்று அவர் திசைகாட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வேன் நின்ற வாசல் சரிவாக இருந்தது. பால் கிழக்கையும் மதிக்கவில்லை, அவரையும் மதிக்கவில்லை. டிரைவர் சீட்டுக்கு அடியில் போய்த் தேங்கியது. அதைத் துடைக்க சிவமலர் ஒரு மணி நேரம் மண்டியிட்டாள். பலகைக்குள் இறங்கினது இறங்கினதுதான். கேமரனுக்குக் கிளம்பி ரவாங் தாண்டுவதற்குள் வேன் முழுக்கப் புளித்த நாற்றம்.

தாப்பாவிலிருந்து மலைப்பாதை. வளைவுக்கு வளைவு அலமாரி திறந்துகொண்டு ஒரு பாத்திரம் விழுந்தது. இறங்கி எடுக்க முடியாது என்பதால் சிவமலர் பின்னால் போய்க் கதவுகளை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தபடி நின்றே வந்தாள். அருவியும் மூங்கில் காடும் அவள் முதுகுக்குப் பின்னால் போயின. வேன் மூச்சு வாங்கி ஏறியது. பின்னால் கார்கள், காய்கறி லோரிகள், ஒரு டூரிஸ்ட் பஸ். எல்லாம் ஹார்ன் அடித்தன.

“எல்லாருக்கும் நம்ம வேன் மேலதான் கண்ணு” என்றார் கனகலிங்கம்.

“ஓரமா நிறுத்தி அவங்கள விடுங்க லா!”

“ஏன் விடணும்? நானும் ரோட் டாக்ஸ் கட்டறேன்.”

வழியில் ஒரு வளைவில் பஸ் முந்திக்கொண்டு போனது. அதன் டிரைவர் மலாயில் சொன்ன வார்த்தையை அவர் நல்லவேளையாக மொழிபெயர்க்கவில்லை.

கேமரன் மேலே தானா ராத்தா என்ற ஊரில், கார் பார்க்கில் வேனை நிறுத்தினார். வீடியோவில் வந்த உச்சி அங்கே இல்லை. முன்பக்கக் கண்ணாடியில் பொதுக் கழிவறை தெரிந்தது. தொட்டிக்கு மேலிருந்த சின்ன ஜன்னலில் எதிர்த்த ஹோட்டல் தெரிந்தது. மஞ்சள் விளக்கு, வெள்ளைத் திரை. பாத்திரம் கழுவும்போதெல்லாம் சிவமலர் அதைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. வேன் கக்கூஸை அவர் திறக்க விடவில்லை. புது வீட்டை அசிங்கம் பண்ணக்கூடாதாம். குளிரில் அவள் துண்டோடு பொதுக் கழிவறை வரிசையில் நின்றாள்.

“ஒரே ஒரு நாள் அங்க தங்கலாமே” என்று ஹோட்டலைக் காட்டினாள்.

கனகலிங்கம் அதிர்ந்து போனார். “பால் காய்ச்சின வீடு, மலர்! பால் காய்ச்சிட்டு வெளக்கேத்தாம பூட்டிப் போட்டுட்டு எவனாச்சும் வெளிய போய்ப் படுப்பானா?”

கடவுளைக் கூட இப்படி வசதிக்குப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள் குறைவு.

மறுநாள் காலை பக்கத்தில் கூடாரம் போட்டிருந்த செலாயாங் ஊர்ப் பையன்கள் எழுந்தார்கள். மோட்டார் சைக்கிளில் வந்த கும்பல். கனகலிங்கம் குல்லாவோடு கதவில் நின்றார். வீடு என்று ஒன்று இருந்தால் வந்தவர்களைச் சாப்பிடாமல் அனுப்புகிற பரம்பரை இல்லையே அவருடையது.

“தம்பிங்களா, வாங்க! நம்ம வீட்டுல தோசை சாப்பிடுங்க!”

“சிரமம் வேணாம் அங்கிள். நாங்க கடையில ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கறோம்” என்றான் அவர்களில் மூத்தவன், தனேஷ் என்பவன்.

“என்ன சிரமம்? அஞ்சு நிமிஷம். ஆன்டிக்கு இதெல்லாம் ஒண்ணுமே இல்ல.”

சிவமலர் ஒரு ஆள் மட்டும் நிற்கக்கூடிய இடத்தில் நின்று தோசை சுட்டாள். தலை கூரையில் இடித்தது. ஊற்ற ஊற்ற மாவு வேன் சரிந்த பக்கமே ஓடி, தோசை எல்லாம் ஒரு ஓரம் தடிப்பாகவும் மறு ஓரம் கருகியும் வந்தது. வெளியே கனகலிங்கம் பையன்களுக்குச் சுதந்திரம் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். “நெனச்ச எடத்துல நிப்பாட்டலாம், நெனச்ச நேரம் கெளம்பலாம். ஒருத்தனுக்கும் அடிமை இல்ல!” பிறகு தலையைத் திருப்பாமலே, “மலர், சட்னி!” என்றார்.

தனேஷ் மட்டும் வேனுக்குள் எட்டிப் பார்த்தான். “அங்கிள், ஆன்டி சாப்டாங்களா?”

“அவ அப்புறம் சாப்பிடுவா. நீ சாப்பிடு.”

உள்ளே அடுப்பு அணையும் சத்தம் கேட்டது. சிவமலர் கையைத் துடைத்துக்கொண்டு இறங்கினாள். தோளில் கைப்பை.

“எங்க போற?”

“நெனச்ச எடத்துக்கு.”

“அப்போ சட்னி?”

அவள் திரும்பவில்லை. கார் பார்க்கைக் கடந்து ஹோட்டல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். பையன்கள் தட்டைப் பார்த்துக்கொண்டார்கள். கனகலிங்கம் பின்னால் ஓட நாலு அடி எடுத்து வைத்தார். பிறகு வேனுக்குள் ஏற்றிவைத்திருந்த சாமி விளக்கு ஞாபகம் வந்து திரும்பிவிட்டார். மனைவியா விளக்கா என்று வந்தால் அவர் நியதி தவறாதவர்.

அறை இரண்டாம் மாடியில். சிவமலர் படுக்கையில் செருப்போடு உட்கார்ந்தாள். வெந்நீரில் நேரம் போவது தெரியாமல் குளித்தாள். வெள்ளைத் திரையை விலக்கினாள். கீழே வேனின் கதவு திறந்திருந்தது. கனகலிங்கம் அடுப்புக்கு முன்னால் நின்று ஒவ்வொரு திருகாகத் திருகிக்கொண்டிருந்தார். சிலிண்டரை அவள் மூடிவிட்டு வந்ததை இன்னும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடிக்க இன்று ஒரு நாள் போதாது.

கதவு தட்டப்பட்டது. அந்தத் தட்டலை முழுதாகக் கேட்பதற்காகவே அவள் உடனே திறக்கவில்லை. இரண்டாவது தரம் தட்டியதும் திறந்தாள். ஹோட்டலில் வேலை பார்க்கும் உஷாராணி டீத் தட்டோடு நின்றாள்.

தட்டை மேசையில் வைத்துவிட்டு உஷாராணியும் ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். “அய்யோ, அந்தக் குல்லாப் போட்டவரா! நேத்துலேர்ந்து கார் பார்க்கையே அடைச்சுக்கிட்டு நிக்கிறாரு. உங்க சொந்தக்காரரா ஆன்டி?”

சிவமலர் டீயை ஒரு மிடறு குடித்தாள். சூடு சரியாக இருந்தது.

“கேமரன்ல எங்களுக்குச் சொந்தக்காரங்க யாரும் இல்லம்மா” என்றாள். “இருந்தா நான் ஏன் ஹோட்டல்ல தங்கப் போறேன்?”