அம்மாவுக்கு ஒரு வெயில் அறை

எங்கம்மா மலைமேல் இருக்கிற எங்கள் கரியாலூருக்கு வந்தால் மூணாம் நாளே மூட்டை கட்டிவிடுவாள். கேட்டால், "குளிரு எலும்புக்குள்ள பூந்துக்கினு போவுதுடி" என்பாள். குளிர் பாதிதான், மீதி எனக்குத் தெரியாதா? பொண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டில் ஜாஸ்தி நாள் தங்கக்கூடாதாம். என் வீட்டுக்காரர் எதிரே வந்தால் எழுந்து சுவரோரம் ஒதுங்கிவிடுவாள். அவர் ஏதாவது கேட்டால் பதிலை என்னிடம் சொல்வாள்.

அப்பா போன பிறகு திருநாவலூரில் தனியாகத்தான் இருக்கிறாள். போன ஐப்பசியில் குளியலறையில் வழுக்கி விழுந்ததைப் பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. இனி அவளைத் தனியே விடுவதில்லை, இங்கேயே வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். அவள் மனசை மாற்ற முடியாது, குளிரையாவது மாற்றலாம் அல்லவா?

வீட்டின் கிழக்கே கிரில் போட்ட சிட்-அவுட் ஒன்று சும்மா கிடந்தது. அதைச் சுற்றிக் கண்ணாடி ஜன்னல், மேலே வெளிச்சம் விடுகிற ஷீட். வெயில் வரும், காற்று வராது. கள்ளக்குறிச்சியிலிருந்து ஜன்னல்களை ஏற்றி வந்த வேன்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டே, "வெயில் காயறதுக்கு ரூம் கட்றவங்கள இப்பதாங்க பாக்குறேன்" என்றார். கீழே வெயிலுக்குப் பயந்து ஓடுகிற மனுஷர், அவர் சொன்னதும் நியாயம்தான்.

அலங்கார இலாகா என்னுடையது. மஞ்சள் பெயிண்ட், பூப்போட்ட திரை, பிரம்பு நாற்காலி, மணி பிளான்ட். எல்லாம் போனில் பார்த்துப் பார்த்துச் சேர்த்தது. என் வீட்டுக்காரர் ஸ்டூலில் ஏறித் திரை மாட்ட, நான் கீழே நின்று கோணல், கோணல் என்று உயிரை வாங்கினேன்.

மார்கழி பிறந்ததும் அம்மாவை அழைத்து வந்தேன். அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். "இன்னாடி இது? வெயிலு வரட்டும்னு கண்ணாடி போட்டுட்டு, அத மறைக்கத் துணியும் கட்டிக்கினு கீற?"

மறுநாள் நான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டுத் திரும்புவதற்குள் திரைகள் மடித்து அலமாரிக்குள். நாற்காலி மூலையில். நடுவில் பாய் விரித்து, காலை நீட்டி, முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். மணி பிளான்ட் வைத்திருந்த இடத்தில் பால் கவர்களில் கத்தரி விதை ஊன்றியிருந்தாள். எனக்குச் சுருக்கென்றது. வாயைத் திறந்தேன், அவர் தூர நின்று வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார்.

ஆனால் சும்மா சொல்லக்கூடாது, அந்த அறை சொர்க்கம். வெளியே பனி எதிர் வீட்டையே மறைத்திருக்கும். அது விலகி வெயில் கண்ணாடியில் விழுந்ததும் தரை கதகதவென்று ஆகிவிடும். லீவு நாளில் நானும் அம்மாவும் மொச்சை உரித்துக்கொண்டு ஊர்க்கதையெல்லாம் பேசுவோம். அவர் மட்டும் உள்ளே வரமாட்டார். வந்தால் அம்மா எழுந்து நிற்பாளே என்று சமையலறையில் நின்றபடியே டீ குடிப்பார்.

மூணாம் நாள் தாண்டியது, வாரமும் தாண்டியது. நான் மூச்சு விடவில்லை. கேட்டுவைத்து, அவளுக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டால்?

நாற்று இரண்டு இலை விட்டிருந்த ஒரு காலையில், நான் அங்கே மறந்து வைத்த பைக் சாவியை எடுக்க அவர் அந்த அறைக்குள் போனார். அடுப்படியில் இருந்த எனக்கு அம்மாவின் குரல் கேட்டது.

"இன்னா மாப்ள நீங்க, கதவ இப்பிடித் தொறந்து போட்டா நாத்து வெறச்சிப் பூடாதா? சாத்துங்க மொதல்ல. ஒரு வாட்டி சொன்னா புரியாதா உங்களுக்கு?"

தோசை கருகிக்கொண்டிருந்தது. அவர் வந்து நின்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"உங்கம்மா என்னைத் திட்டிட்டாங்க" என்றார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது.