அக்காள் மகனுக்குப் புத்தகம் வாங்கிய கதை

எங்கள் குடும்பத்தில் காசு கொடுத்துப் புத்தகம் வாங்குகிற கிறுக்கன் நான் ஒருவன்தான். அதனால் யார் வீட்டுப் பையன் கைப்பேசியும் கையுமாகத் திரிந்தாலும் பஞ்சாயத்து என்னிடம் வந்துவிடும். கிள்ளானில் இருக்கும் என் அக்காளின் மகன் தமிழ்ப்பள்ளியை முடித்து இடைநிலைப்பள்ளியில் சேர்ந்தான். அங்கே தமிழ் வகுப்பு நடத்தப் போதுமான மாணவர்கள் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

"இப்படியே விட்டா கடை போர்டக்கூட எழுத்துக்கூட்டிப் படிப்பான்டா. நீதான் ஏதாச்சும் பண்ணணும்" என்று அக்காள் போனில் அழுதாள். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. என் அலமாரியில் இருப்பதை எனக்குப் பிறகு தொட்டுப் பார்க்க ஒருவனாவது வேண்டும் என்ற சுயநலமும் இருந்தது. அதை மறைப்பானேன்.

பதின்மூன்று வயதில் எனக்குப் பிடித்தவற்றையே முதலில் வாங்கிக் கொடுத்தேன். ராஜா, குதிரை, வாள் என்று தலையணை தடிமனில் ஒரு புத்தகம். அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் பயல் அந்தப் புத்தகத்தில் கைப்பேசியைச் சாய்த்துவைத்துக் கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தான். அறிஞர்களின் வாழ்க்கை வரலாறு வாங்கினேன். "எல்லாருமே சின்ன வயசுல ரொம்ப நல்லவங்களா இருக்காங்க மாமா" என்று திருப்பிக் கொடுத்தான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் அவன் சொன்னதில் தப்பும் இல்லை.

மறுமுறை அவனையே கோமுட்டர் ரயிலில், தமிழ்க் கடைகள் நிறைந்த பிரிக்ஃபீல்ட்ஸுக்கு அழைத்துப் போனேன். புத்தகக் கடைக்குள் அவனைத் தனியாக விட்டுவிட்டு, வெளியே நின்று வடை தின்றேன். உள்ளே போய் இதை எடு, அதை எடு என்று சொல்லிவிடக் கூடாதே என்று என்னை நானே பிடித்துவைத்துக்கொண்டேன். திரும்பிப் போனபோது அவன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். கையில் மட்டமான அட்டை போட்ட பேய்க்கதை. செம்பனைத் தோட்டத்துக்குள் டிரைவர் இல்லாமல் ஓடும் ஒரு லோரியைப் பற்றியது.

"மாமா, இதுல உள்ளவங்க நம்மள மாதிரியே பேசுறாங்க லா" என்றான்.

ரயிலில் அவன் புத்தகத்தைவிட்டுத் தலை நிமிரவில்லை. கிள்ளான் வந்ததும் நான்தான் தோளைத் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது. சோற்றுத் தட்டின் பக்கத்திலும் புத்தகம் திறந்தே கிடந்தது என்று அக்காள் மறுநாள் சொன்னாள். அன்று நான் அடைந்த சந்தோஷத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

அங்கேதான் வினை பிடித்தது. நம் ஆட்களுக்கு ஒரு பிள்ளை தமிழில் எதையாவது ஆசையாகச் செய்துவிட்டால் போதும், உடனே மேடையில் ஏற்றிவிட வேண்டும். கோயில் மண்டபத்தில் நடக்கவிருந்த கதை சொல்லும் போட்டிக்கு அக்காள் அவன் பெயரைக் கொடுத்துவிட்டாள். நீதி இல்லாத கதைக்குப் புள்ளி கிடையாது என்று அவனுடைய டியூஷன் ஆசிரியை அந்த லோரிக் கதையைத் திருத்தி எழுதினார். லோரியில் இருந்த பேய் போய்விட்டது. அதற்குப் பதிலாகச் சாலை விதிகளை மதிக்காத ஓர் ஓட்டுநர் வந்து சேர்ந்தார். பையன் அதை மனப்பாடம் செய்தான். போட்டியெல்லாம் வேண்டாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். "சபைக் கூச்சம் போகட்டும்டா, நீ குறுக்க வராத" என்றாள் அக்காள். போதாக்குறைக்கு, படித்தவர் என்று சொல்லி ஏற்பாட்டாளர்கள் என்னையே நேரக் காப்பாளராக உட்காரவைத்து, கையில் ஒரு மணியையும் கொடுத்தார்கள். நேரம் முடிந்ததும் நான் அடிக்க வேண்டும். அடித்தால் பேசுகிறவர் இறங்கிவிட வேண்டும்.

"மதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, நீதி வழுவா நீதிபதிகளே, நேரக் காப்பாளர் அவர்களே" என்று என்னையும் கும்பிட்டுத்தான் தொடங்கினான். சொல்லிக்கொடுத்தபடியே கை முன்னும் பின்னும் போய்வந்தது. பாதியில் வார்த்தை நின்றுவிட்டது. முன்வரிசையில் அக்காள் உதட்டை அசைத்து எடுத்துக் கொடுத்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தான். மேசைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன். இருவருமே விட்டுப் போக முடியாது. நேரம் இன்னும் நிறைய இருந்தது. நான் மணியை அடித்துவிட்டேன்.

ஆறுதல் பரிசாகக் கிடைத்தது ஒரு நீதிக்கதைப் புத்தகம். காரில் பின்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து அதை மடியில் வைத்திருந்தான். நெரிசலில் கார் நகரவில்லை.

"அடுத்த மாசம் செராஸ்ல ஒரு போட்டி இருக்காம். மாமாகிட்ட இன்னொரு நல்ல கதை புக்கா கேளு" என்றாள் காரோட்டிய அக்காள், முன்னால் தொங்கிய கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்து.

அவன் என் பக்கம் சாய்ந்தான்.

"பிடிக்காத புக்கா பாத்து வாங்குங்க மாமா. பிடிச்சா மொகத்துல தெரிஞ்சிடுது."