படத்தின் ஓரத்தில் ஒரு கால்

போனைக் கையில் வாங்கி வந்ததும் நான் செய்த முதல் வேலை வீட்டைக் கூட்டிப் பெருக்கியதுதான்.

எங்கள் ஊர் அங்கன்வாடியில் எட்டுப் பேருக்கு ஆளுக்கொரு போன் கொடுத்திருந்தார்கள். சிம் கிடையாது, படம் மட்டும் எடுக்கலாம். பிள்ளை பெற்று ஒரு வருடம் ஆகாத தாய்மார்களின் மனதைப் பற்றி ஆராய்ச்சி செய்வதாகச் சொல்லி, கல்லூரியிலிருந்து ஒரு பெண் வந்திருந்தார். கையில் கேள்வித்தாள் எதுவும் இல்லை.

“நான் கேள்வி கேட்டா எனக்குத் தெரிஞ்சதத்தான் கேப்பேன். உங்க நாள்ல உங்களத் தாங்கறது எது, அழுத்தறது எதுன்னு நீங்களே படம் எடுத்துக்கிட்டு வாங்க. உக்காந்து பேசலாம்” என்றார்.

நான் பி.எஸ்சி. படித்தவள். பள்ளியிலிருந்தே, கொடுத்த வேலையைச் சொன்ன நாளுக்கு முந்தின நாளே முடித்துவிடுவேன். கூட்டினேன், துடைத்தேன், பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்தேன். ஏழு மாத மகளுக்குப் பொங்கலுக்கு எடுத்த கவுனைப் போட்டு, கன்னத்தில் மை வைத்து, பத்துப் படம் எடுத்தேன்.

என் கணவரின் அண்ணன் மனைவி வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே வீடு, ஒரே அடுப்பு. நான் அக்கா என்று கூப்பிடுவேன். எட்டாவது வரை படித்துவிட்டு நூறு நாள் வேலைக்குப் போகிறவள். வாய் மட்டும் ஓயாது.

“இன்னாம்மே, பொண்ணு பாக்க வராங்களா? வூட்ட இந்தப் பளபளப்பு பண்ணிக்கினுகீற?”

“ஆராய்ச்சிக்குக்கா.”

“நம்ம வூட்டுல இன்னா கீதுன்னு ஆராய்ச்சி? பாத்து எடு, கொயந்தைக்குக் கண்ணு பட்டுறப் போவுது.”

அடுத்த புதன்கிழமை, தடுப்பூசிக்கு வந்த கூட்டம் கலைந்ததும், எட்டுப் போன் படங்களையும் அங்கன்வாடிச் சுவரில் பெரிதாகக் காட்டினார்கள். எட்டிலும் பிள்ளைகள். எல்லாப் பிள்ளைக்கும் புதுச் சட்டை, கன்னத்தில் மை. தலைமுடி படிய எண்ணெய். பின்னால் துவைத்த போர்வையைத் தொங்கவிட்டிருந்தாள் ஒருத்தி.

“எல்லாம் ஒரே ஸ்டுடியோவுல எடுத்தாமேரி கீது” என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தோம்.

ஆராய்ச்சிக்காரப் பெண்ணும் சிரித்தார். பிறகு, “பாப்பாங்க எல்லாம் அழகு. ஆனா இந்தப் படங்கள்ல நீங்க எங்க இருக்கீங்க?” என்று கேட்டார். இன்னும் ஒரு வாரம் கொடுத்தார்.

அந்தக் கேள்வி என்னோடு வீட்டுக்கு வந்தது. நான் எங்கே இருந்தேன் என்பது எனக்குத் தெரியும். நான் சம்ப்புக்குப் பக்கத்தில் இருந்தேன்.

எங்கள் வீட்டுப் பின்புறம் தரையோடு தரையாக ஒரு தண்ணீர்ச் சம்ப் இருக்கிறது. மேலே இரும்புத் தகட்டு மூடி. காலையில் பஞ்சாயத்துக் குழாயில் தண்ணீர் வரும்போது திறப்பார்கள். அம்மா வீட்டிலிருந்து பிள்ளையோடு திரும்பி வந்த வாரம், திறந்திருந்த அந்த மூடியைத் தாண்டிப் போனேன். இடுப்பில் மகள். உள்ளே தண்ணீர் கறுப்பாக அசைந்தது. பிள்ளையை நானே என் கையால் உள்ளே விட்டுவிடுவேனோ என்று ஓர் எண்ணம் வந்தது. விட வேண்டும் என்று இல்லை. விட்டுவிடுவேனோ என்று. பிள்ளையை இறுக்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓடி வந்துவிட்டேன். அதற்குப் பிறகு தினமும் வந்தது.

யாரிடம் சொல்வது? சொன்னால் என்னை அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பிள்ளையை இங்கேயே வைத்துக்கொள்வார்கள். அது நியாயமென்றுகூட எனக்குத் தோன்றியது. சொல்லாமல் இருந்து, ஒரு நாள் அது நடந்துவிட்டால்? இரண்டு பக்கமும் யோசித்துக்கொண்டே பால் கொடுத்தேன்.

அதனால்தான் பாதியாய் உடைந்து கிடந்த பழைய அம்மிக்கல்லை உருட்டி வந்து மூடியின் மேல் வைத்தேன். தவளை விழுகிறது என்று சொன்னேன்.

“தவளைக்கு அம்மிக்கல்லா?” என்று அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். “எங்க ஊரு தவள இன்னா எருமையா? காலைல நான்தான தொறக்கணும், என் இடுப்பு ஒடியும்.” ஆனாலும் ஏழு மணிக்கு நான் போய்ப் பார்க்கும்போதெல்லாம் கல் மூடியின் மேல்தான் இருக்கும். வேலைக்குக் கிளம்பும் முன் என் கணவர் வைக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கல்லைப் படம் எடுப்பது என்று முடிவு செய்தேன். முடிவு செய்யவே நான்கு நாள் ஆனது. ஐந்தாம் நாள் காலை, சமையலறை ஜன்னல் கம்பிக்குள் போனை நீட்டி, அந்தப் பக்கம் பார்க்காமலேயே அமுக்கினேன். மத்தியானம் பிள்ளை தூங்கியதும் படத்தைத் திறந்தேன்.

மூடி இருந்தது. கல் இருந்தது. கல்லுக்குப் பின்னால், படத்தின் ஓரத்தில், ஒரு கால். சேறு அப்பிய கால், விரலில் கறுத்துப்போன மெட்டி. கல்லை மூடியின் நடுவுக்கு அந்தக் கால் தள்ளிக்கொண்டிருந்தது.

அது அக்காவின் கால்.

அந்த ஆராய்ச்சியில் ஒரு விதி உண்டு. படத்தில் வேறு ஒருவரின் விரல் நுனி விழுந்தாலும், அந்தப் படம் எதைப் பற்றியது என்று அவருக்குப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். என் தாளில் ‘எதைப் பற்றி’ என்ற இடத்தில் ஏற்கெனவே எழுதிவிட்டிருந்தேன். படத்தை அழித்தேன். அழித்ததைத் திரும்ப எடுத்தேன். வேறு படம் எடுத்துக்கொள்ளலாமே என்று மறுபடி அழித்தேன். ஆனால் அந்தக் கால் இல்லாத படம் எனக்கு வேண்டியிருக்கவில்லை. கடைசியில் தாளை எடுத்துக்கொண்டு போனேன்.

அக்கா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, ஒரு கையெழுத்து வேணும். படத்துல உன் கால் வந்துடுச்சு.”

“காலுக்குக் கையெழுத்தா? இன்னாடி, சொத்து எழுதி வாங்கறியா?” போனை வாங்கிப் பார்த்தாள். “அய்யய்ய, சேத்தோட கீது. மெட்டி வேற கருத்துப்போச்சு. சொல்லியிருந்தா தேச்சுக்கினு வந்திருப்பேன்ல.” பிறகு கேட்டாள். “போயும் போயும் இந்தச் சம்ப இன்னாத்துக்கு எடுத்த?”

விதிப்படி நான் படிக்க வேண்டும். படித்தேன். “இது எனக்கு என் மேலேயே உள்ள பயம். என் கையால் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று இந்தக் கல்லை வைத்தேன்.”

அக்கா கீரையைக் கீழே வைக்கவில்லை. ஒரு காம்பை உருவினாள். இன்னொரு காம்பை உருவினாள்.

“தவள இல்லன்னு எனக்குத் தெரியும்” என்றாள்.

நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

“என் பெரியவன் பொறந்தப்ப எனக்குக் கெணறு. அவனத் தூக்கிக்கினு அந்தப் பக்கம் போனாலே கையி தானா லூசாவறாமேரி இருக்கும். ஆறு மாசம் கெணத்தாண்டயே போவல. துணி தோய்க்கச் சோம்பேறித்தனம்னு இந்த வூட்டுல எல்லாரும் பேசனாங்க. பேசிக்கினு போறாங்கன்னு வுட்டுட்டேன். இத எப்பிடிச் சொல்றது, சொல்லு?”

அந்தப் பேச்சை நானும் கேட்டிருக்கிறேன். கல்யாணமாகி வந்த புதிதில், மூத்த மருமகள் முதல் பிள்ளைக்குப் பிறகு வேலை செய்யாமல் படுத்துக் கிடந்த கதை என்று எனக்குச் சொன்னார்கள். நம்பியும் இருக்கிறேன்.

“அப்ப என்னை ஏன்க்கா கிண்டல் பண்ண?”

“கிண்டல் பண்ணாதான் நீ தவளயோட நிறுத்திக்குவ. கேட்டா அயுதுடுவ. இப்ப அயுதுகினுகீற, பாரு.” முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். முருங்கை வாசம் வந்தது. “குடு பேனாவ.”

ஒவ்வோர் எழுத்தாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

புதன்கிழமை அக்கா வேலைக்குப் போகவில்லை. என் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னோடு வந்தாள். சுவரில் அந்தப் படம் விழுந்ததும், “யாரு காலுடி இது?” என்று பெண்கள் சிரித்தார்கள்.

“என் காலுதான்” என்று அக்கா செருப்பைக் கழற்றிக் காலைத் தூக்கிக் காட்டினாள். மெட்டி பளபளத்தது.

சிரிப்பு அடங்கிய பிறகு நான் சொன்னேன். தாளில் இருந்ததைவிடக் கொஞ்சம் அதிகமாகவே சொன்னேன். யாரும் எழுந்து போகவில்லை. போர்வை தொங்கவிட்டுப் படமெடுத்திருந்தவள், “எனக்கு அருவாமன” என்றாள், தலை நிமிராமல். 

எல்லோரும் போன பின் ஆராய்ச்சிக்காரப் பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் முதலில் கேட்டது இதைத்தான்: “பிள்ளையைப் பிரிச்சிடுவாங்களா?”

“இதுக்காக யாரும் பிரிக்க மாட்டாங்க. இந்த மாதிரி எண்ணம் நிறைய அம்மாக்களுக்கு வருது. பயந்து கல்லு வைக்கறீங்களே, செய்யணும்னு நினைக்கறவங்க அதை வைக்க மாட்டாங்க. ஆனா நீங்க தனியா சுமக்க வேணாம். டாக்டர்கிட்ட பேசணும், நானும் வரேன்” என்றார். அந்த வாரமே உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்கு மூன்று பேரும் பஸ்ஸில் போனோம். பிள்ளை அக்கா மடியில். 

மருத்துவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எண்ணம் முழுதாகப் போகவில்லை. அது வருகிற நாளில் அக்காவிடம் சொல்லிவிடுகிறேன். நான் சரியான அம்மாதானா என்று இன்னும் கேட்டுக்கொள்கிறேன், ஆனால் அதைக் காதுகொடுத்துக் கேட்க இப்போது வீட்டில் ஓர் ஆள் இருக்கிறது.

காலையில் தண்ணீர் நின்றதும் பின்புறம் தகடு மூடும் சத்தம் கேட்கும். அடுத்து கல் உரசும் சத்தம். நான் அடுப்படியில் இருப்பேன்.

“தவளய மூடிட்டேன்டி!” என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்துவாள் அக்கா.

“சரிக்கா” என்பேன், மகளை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு.