வாசித்தும் சொல்லாமல் விட்ட வரி

பேசாலை என்ற கடலோர ஊரில் போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கிறேன். ஆங்கிலத்தில் கடிதம் எழுதவும் படிவம் நிரப்பவும் ஊர்ச்சனம் என்னிடம்தான் வரும்.

மீன்பிடியை விட்டுவிட்டு ரஷ்யப் படையில் சமையல் வேலைக்குப் போகவிருந்த அன்ரன், மனைவி ஜெசிந்தாவுடன் வந்து ஒப்பந்தத்தின் ஆங்கிலப் பிரதியை வாசித்துப் பார்க்கச் சொன்னான். படை எங்கே அனுப்பினாலும் போய்ச் சண்டையிட வேண்டும் என்று அதில் ஒரு வரி இருந்தது. நிமிர்ந்தேன். அங்கே குடியுரிமை கிடைத்ததும் பிள்ளைகளைக் கூட்டிப்போவதைப் பற்றி ஜெசிந்தா சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை வாட வைக்க எனக்கு மனம் வரவில்லை.

“எல்லாம் சரியோ அக்கா?” என்று அன்ரன் கேட்டான்.

“ஓம் தம்பி, சரி” என்றேன்.

அவன் போன ஐந்தாம் மாதம், போர்முனையில் இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. உடல் வரவில்லை. அதைக் கேட்டு ரஷ்யத் தூதரகத்துக்குக் கடிதம் எழுத ஜெசிந்தா என்னிடமே வந்தாள். அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை.

“சண்டைக்கு அனுப்புவினம் எண்டு அதில இருந்தது, பிள்ளை. நான் வாசிச்சனான். சொல்லேல்லை.”

அவள் ஏசுவாள் என்று காத்திருந்தேன்.

“எழுதுங்கோ அக்கா. இங்கிலீஷில எழுத எனக்கு வேற ஆர் இருக்கினம்?” என்றாள். எழுதி முடித்ததும், “இதையெண்டாலும் ஒரு வரி விடாம வாசிச்சுச் சொல்லுங்கோ” என்றாள்.

வாசித்தேன். ‘என் கணவரின் உடல்’ என்ற இடத்தையும் விடவில்லை.

இன்னும் பதில் வரவில்லை. என்னை மன்னித்துவிட்டாளா என்று அவளிடம் கேட்கும் துணிவும் எனக்கு வரவில்லை.