மஸ்கட் லைனில் கேட்ட குரல்

கமலாவதி ஆரணி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்தது எழுபத்தாறில். வெம்பாக்கம் பக்கத்து ஜைனக் குடும்பத்துப் பெண். இருட்டுவதற்குள் சாப்பிட்டாக வேண்டும் என்பதால் பகல் டூட்டியே கேட்டு வாங்கிக்கொள்வாள்.

எண்பதுக்குப் பிறகு வளைகுடாவிலிருந்து போன் கால்கள் வரத் தொடங்கின. கடலுக்கு மேலே வெகு உயரத்தில், பூமி சுற்றுகிற வேகத்துக்கே சுற்றி ஒரே இடத்தில் நிற்பதுபோல ஒரு செயற்கைக்கோள் இருக்கிறது, குரல் அங்கே போய்த் திரும்பி இறங்குவதால்தான் பேச்சு தாமதமாகக் கேட்கிறது என்று சூப்பர்வைசர் வேணுகோபால் சொல்லியிருந்தார். சில சமயம் பேசியவர் குரல் அவருக்கே திரும்பி வரும். கமலாவதிக்கு அது பழகிவிட்டது.

எண்பத்துமூன்று கோடையில் ஒரு பிற்பகல், சேவூர் பாஞ்சாலை வந்து போன் பேசும் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்றாள். அவள் கணவன் சின்னதுரைக்கு மஸ்கட்டில் ஒரு கிடங்கில் வேலை. கமலாவதி லைனைக் கொடுத்துவிட்டு ஹெட்போனில் கவனித்தாள்.

“சாப்டீங்களா?” என்றாள் பாஞ்சாலை.

“சாப்டீங்களா?” என்று அவள் குரலே திரும்பி வந்தது.

பாஞ்சாலை கூண்டிலிருந்து தலையை நீட்டினாள். “அக்கா, யாரோ என்னமாதிரியே பேசிகினு இருக்காங்க.”

“உன் குரல்தாம்மா. நீ பேசு.”

பொங்கலுக்கு வருவதாகச் சின்னதுரை சொன்னான். பாஞ்சாலைக்கு அழுகை முட்டியது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்போது ஹெட்போனில் அவள் குரல் தெளிவாகக் கேட்டது:

“அந்தக் கதவத் தெறக்காதீங்க.”

கமலாவதி நிமிர்ந்து பார்த்தாள். முந்தானை இன்னும் வாயிலேயே இருந்தது.

“எந்தக் கதவு?” என்றான் சின்னதுரை. லைன் போய்விட்டது.

“நான் சொல்லலியேக்கா,” என்றாள் பாஞ்சாலை. அவளுக்கும் கேட்டிருந்தது.

வேறு லைன் கலந்திருக்கும் என்றார் வேணுகோபால். கமலாவதியும் அப்படியே நம்பப் பார்த்தாள். ஆனால் அது பாஞ்சாலையின் சேவூர்ப் பேச்சேதான்.

பொங்கலுக்கு ஊர் வந்த சின்னதுரை, மனைவியை அழைத்துக்கொண்டு எக்ஸ்சேஞ்சுக்கே வந்தான்.

“போன் பேசின வாரமே, பெயிண்ட் ரூமுலேர்ந்து பொகை நாத்தம் வந்துச்சிங்க. கூட இருந்தவங்கிட்ட, ‘கதவத் தெறக்காதடா, என் சம்சாரம் வேணாம்னு சொல்லியிருக்கா’ன்னு சொன்னேன். சிரிச்சிகினே தெறந்தான். நெருப்பு அவன் மேல பாஞ்சிடுச்சி. பொழைக்கலீங்க.”

“உங்க சம்சாரம் வாயே தெறக்கலீங்க,” என்றாள் கமலாவதி. “நான் பாத்துகினு இருந்தேன்.”

“இவளும் அதான் சொல்றா.” சொல்லிவிட்டு, பாஞ்சாலையை விட்டுச் சற்றுத் தள்ளி நின்றான்.

அவன் மறுபடி மஸ்கட் போகவில்லை. கமலாவதி வேலையை விடவில்லை. ஆனால் வளைகுடா போன் கால் வந்தால், லைனைக் கொடுத்ததும் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துவிடுவாள். வேணுகோபால் கண்டித்தும் கேட்கவில்லை. மடியிலிருந்து சன்னமாகப் பேச்சு வந்துகொண்டிருக்கும். சில நாள், இரு பக்கமும் போனை வைத்த பிறகும் அது நிற்காது.