பள்ளம் தோண்டிய மீன்கள்

மீன் தப்பிக்கப் பார்க்கிறது! ஆறாம் வகுப்பின் கடைசிப் பரீட்சையை எழுதிவிட்டு வந்து, பையைக்கூடக் கழற்றாமல் தொட்டியின்முன் நின்றபோது எனக்குப் பளிச்சென்று தோன்றியது அதுதான். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன்கள் இரண்டு. பெரியது வாலை விசிறி விசிறி மணலைக் கிளப்பியது. சின்னது வாய் நிறைய மணலை அள்ளிப்போய்த் தூரத்தில் துப்பியது. சாய்த்து வைத்திருந்த கூரை ஓட்டுக்குக் கீழே அடிக்கண்ணாடி தெரிகிற அளவுக்குப் பள்ளம். நான் கரண்டியால் மூடினால் மறுநாள் மறுபடியும் பள்ளம். ஜெயிலில் சுரங்கம் தோண்டுகிறவர்கள்கூட இவ்வளவு பிடிவாதமாகத் தோண்டியிருக்க மாட்டார்கள்.

மீன்கள் மாமாவுடையவை. அம்மாவின் தம்பியான அவர் காசிமேட்டில் விசைப்படகில் வேலை பார்த்தபடி, திருவொற்றியூரில் எங்களோடு இருந்தார். வலை இழுத்தே இடுப்பு போய்விட்டது. குஞ்சு பொரிக்க வைத்துவிட்டால் படகை விட்டுவிட்டு வீட்டிலேயே மீன் வளர்த்து விற்கலாம் என்பது அவருடைய கணக்கு.

"இதுங்க மட்டும் பொரிச்சிச்சின்னு வை, அப்பால கடலாண்ட நான் எட்டிக்கூட பாக்கமாட்டேன்."

"மொதல்ல பல்ல வெளக்கிட்டு வா, மொதலாளி" என்பாள் அம்மா.

தொட்டித் தண்ணீரை அவர் ஆழக்கடலில்தான் கேனில் பிடித்து வருவார். கரைத்தண்ணீர் ஆகாது என்பார். ஆனால் அது மீன்பிடித் தடைக்காலம், படகுகள் எல்லாம் கரையில். தண்ணீர் மாற்றிப் பல நாளாகியிருந்தது. பழைய தண்ணீர் பிடிக்காமல்தான் மீன்கள் தோண்டுகின்றன என்று கண்டுபிடித்தேன். மாமா வலை தைக்கப் போயிருந்த நேரமாகப் பார்த்து, கரையோரக் கற்களுக்கிடையே இரண்டு குடம் மொண்டுவந்தேன். கொஞ்சம் பழுப்பாக இருந்தது. அம்மாவின் பழைய சேலையில் வடிகட்டி ஊற்றினேன். விஞ்ஞானி அல்லவா.

அன்று சாயங்காலம் மாமா தொட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் கத்தினார். "பாப்பா! முட்டை வுட்டுக்கீதுடி! இத்தினி நாளா வூடு கட்டிகினு இருந்துக்கீது, பாரேன்!" இடுப்பு வலியை மறந்து என்னைத் தூக்கிச் சுற்றினார். ஓட்டின்மேல் ஆரஞ்சு மணிகள் கொத்தாக ஒட்டியிருந்தன. அந்தச் சந்தோஷத்தில் குடத்தைப் பற்றி எப்படிச் சொல்வது? சொல்லவில்லை.

இரண்டு நாளில் சில மணிகள் வெளுத்தன. மாமா வீட்டில் இல்லாத நேரம், சின்ன மீன் முட்டைகளைக் கொத்தித் தின்பதைப் பார்த்தேன். பெற்றதையே தின்கிற பாவி! வலைக்கரண்டியால் பிடித்து வாளியில் போட்டேன்.

மாமா வந்து வாளியைப் பார்த்தார். "இன்னாடி இது?"

"அது புள்ளைங்கள துன்னுது, மாமா!"

பெரிய மீன் முட்டைப் பக்கமே வரவில்லை. மாமா சின்னதைத் திரும்ப விட்டார். அது ஓட்டை நெருங்காமல் மூலையில் பதுங்கியது. மறுநாள் காலையில் ஓடு முழுக்கச் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளை.

மாமா திட்டவில்லை. "பெத்ததே துன்னுதுன்னா நாம இன்னா பண்றது. வுடு" என்றார். அதற்குப்பின் அவர் தொட்டிப் பக்கம் திரும்பவேயில்லை.

தடை முடிந்த அன்று இடுப்பில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு படகுக்குக் கிளம்பினார். எனக்கு ஒரே குதூகலம். இனி நல்ல தண்ணீர் வரும்! கேனை மறந்துவிட்டாரே என்று அதைத் தூக்கிக்கொண்டு தெருமுனைவரை ஓடினேன். வாங்கிக்கொள்ளாமல் என் தலையைத் தடவிவிட்டுப் போனார். மாமாவுக்கு ஞாபகமறதி அதிகம் என்று அம்மாவிடம் புகார் சொன்னேன்.

கல்லூரியில் விலங்கியல் படிக்கும்போதுதான் தெரிந்தது. வெளுத்தவை செத்த முட்டைகள், அநேகமாக நான் ஊற்றிய கரைத்தண்ணீரால். அழுகல் மற்றவற்றுக்குப் பரவாமலிருக்க ஆண் மீன் அவற்றைக் கொத்தி எடுக்கும். உயிருள்ளவற்றுக்கு ஓயாமல் விசிறிவிடும். நான் வாளியில் போட்டது, மீதியைக் காப்பாற்றப் பாடுபட்ட தகப்பனை.

மாமா இன்றும் படகில்தான் இருக்கிறார். உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டும். முட்டைகளை மீன்தான் கொத்திக் கெடுத்தது என்றே இன்னும் நம்புகிறார். நாளை அவர் கரை திரும்புகிறார். சோறு போட்டுவிட்டு, எதிரே உட்கார்ந்து, அந்த இரண்டு குடத்திலிருந்து தொடங்கிச் சொல்லிப் பார்க்கப் போகிறேன்.